மரம் நட்டாச்சு, படமும் எடுத்தாச்சு. கேள்வி எப்ப கேக்கிறது?

போன செமஸ்டரில் எங்கள் வளாகத்தில் ஒரு நிகழ்வு நடந்தது. ‘நிலைபேறும் பொறுப்புள்ள வணிகமும்: இளையோரின் பங்கு’ என்று தலைப்பு. கேட்போர் கூடம் நிரம்பியிருந்தது. நிரம்பாமல் என்ன செய்யும், வரவு எடுப்போம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வாசலில் பச்சை ரீசேட் தந்தார்கள், முதுகில் அனுசரணை நிறுவனத்தின் இலச்சினை. ஒவ்வொரு கதிரையிலும் ஒரு பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தல், ஒரு பேனை, ஒரு சின்னத் துண்டுக் கடதாசி. “கேள்வி இருந்தால் இதில எழுதித் தாங்கோ, நேரம் இருந்தால் வாசிப்பம்” என்றார்கள்.

எங்களில் ஒருத்தி எழுதினாள். அவளுக்கு மஸ்கெலியாப் பக்கம். அம்மா கொழுந்து பறிக்கிறவர். மேடையில் இருந்த நிறுவனத்துக்குத் தேயிலைத் தோட்டங்களும் இருக்கின்றன. அவள் எழுதியது ஒரு வரிதான்: “உங்கள் தோட்டத்தில் ஒரு தொழிலாளிக்கு மாதத்தில் எத்தனை நாள் முழுப்பேர், எத்தனை நாள் அரைப்பேர்?” தோட்டத்துக் கணக்கு தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். குறித்த கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான். பாதிச் சம்பளம். நாட்சம்பளம் இவ்வளவு என்று பேப்பரில் வருகிற எண்ணுக்கும் கையில் வருகிற காசுக்கும் இடையிலுள்ள தூரம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

அந்தத் துண்டை வாசிக்கவில்லை. “உங்கள் வெற்றியின் இரகசியம் என்ன?”, “இளைஞர்களுக்கு நீங்கள் சொல்லும் அறிவுரை என்ன?” என்ற இரண்டு துண்டுகளை வாசித்தார்கள். பிறகு நேரம் முடிந்துவிட்டது. எல்லாரும் வெளியே போய் கன்ரீனுக்குப் பின்னால் மரக்கன்று நட்டோம். அதே இடத்தில்தான் அதுக்கு முந்தின வருஷமும் நட்டார்கள்; அந்தக் கன்றுகள் செத்த குழியிலேயே புதுக் கன்றுகளை வைத்தோம். “கேள்விக்கு நேரம் இல்லன்னாங்க. போட்டோவுக்கு மட்டும் அரை மணித்தியாலம் இருந்துச்சே” என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் துண்டுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நாங்கள் எதுக்கு எதிர்ப்பு?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நிலைபேறு பற்றியும் பொறுப்புள்ள வணிகம் பற்றியும் பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பதற்கு நாங்கள் எதிர்ப்பில்லை. இன்னும் கூடுதலாகப் படிப்பிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி. எதிர்ப்பு எதற்கென்றால், யாரைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டுமோ அவரையே ஆசிரியராக மேடையில் இருத்தி, மாணவர்களைக் கைதட்ட வைப்பதற்கு.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 1987இல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணைக்குழு நிலைபேறான அபிவிருத்திக்கு ஒரு வரைவிலக்கணம் தந்தது. இன்றைய தேவையைத் தீர்க்கப் போய், வரப்போகிற தலைமுறை தன் தேவையைத் தீர்க்க முடியாமல் ஆக்கிவிடாதே என்பது அதன் சாரம். 2000இல் வணிக நிறுவனங்களுக்காக ஐ.நா.வின் உலக உடன்படிக்கை வந்தது. 2007இல் வணிகக் கல்லூரிகளுக்கென்று பொறுப்புள்ள முகாமைத்துவக் கல்விக்கான கோட்பாடுகள் வந்தன. 2015இல் 17 இலக்குகள், அந்த வண்ணச் சதுரங்கள். இப்போது அவை இல்லாத பனரே இல்லை.

2007ஆம் ஆண்டுக் கோட்பாடுகளில் ஒன்றைச் சும்மா எடுத்து வாசித்துப் பார்த்தோம். கல்வியாளர், மாணவர், வணிகம், அரசு, நுகர்வோர், ஊடகம், சிவில் சமூகம் என்று எல்லாருக்கும் இடையில் உரையாடலும் விவாதமும் நடக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. விவாதம் என்ற சொல்லைப் போட்டது இடதுசாரி மாணவர் சங்கமில்லை. ஐ.நா.வும் வணிகக் கல்லூரிகளும் சேர்ந்து போட்ட சொல். அப்ப கேள்வித் துண்டைச் சலித்தெடுத்து வாசிக்கிறவர்கள் எங்களுக்கு மட்டும் துரோகம் செய்யவில்லை. தாங்கள் பனரில் அச்சடித்த கொள்கைக்கே துரோகம் செய்கிறார்கள்.

மேடையில் சொல்வதை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் ஏற்கனவே பாடம் தந்திருக்கிறது. 2015 செப்டெம்பரில் நிறுவனங்களின் நிலைபேற்றை அளக்கிற பெயர்பெற்ற சுட்டெண் ஒன்று, வாகன உற்பத்தித் துறையில் வொக்ஸ்வாகனை முதலிடத்தில் வைத்தது. அதே மாதம், புகைப் பரிசோதனையை ஏமாற்றுகிற மென்பொருளை அந்த நிறுவனம் தன் டீசல் கார்களுக்குள் வைத்திருந்த விஷயம் அமெரிக்காவில் வெளியானது. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து இலட்சம் வாகனங்கள். அறிக்கை அழகாக இருந்தது. பிடித்தது அறிக்கையை வாசித்தவர்கள் அல்ல. வண்டியை வீதியில் ஓட்டி, குழாயில் வருவதை அளந்து பார்த்தவர்கள். அதிலும் முதலில் அளந்தது ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குழு.

எங்கட பாடப்புத்தகம் எங்கட ஊரில் கிடக்குது

வொக்ஸ்வாகன் வரைக்கும் போகத் தேவையில்லை. சுன்னாகத்துக்குப் போனால் போதும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிற நிலத்தடி நீர்தான் குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு. சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது சனம் முதலில் செய்தது, கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வாளியை வைத்ததுதான். தெற்கிலிருந்து ரவீந்திர காரியவசம் என்ற சூழலியலாளர் 2015இல் அடிப்படை உரிமை மீறல் வழக்குத் தொடுத்தார். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின் உற்பத்தி செய்த தனியார் கம்பனி 20 மில்லியன் ரூபா நட்டஈடு கட்ட வேண்டும். கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்களும் கடமை தவறியிருக்கின்றன என்றது.

இந்தத் தீர்ப்பு பொறுப்புள்ள வணிகம் பற்றிய ஒரு முழுப் பாடநெறி. உழைத்த இலாபத்தில் கொஞ்சத்தை எடுத்துக் கொப்பி, புத்தகப் பை குடுக்கிறதுக்குப் பெயர் பொறுப்பு இல்லை. அந்த இலாபம் எப்படி வந்தது, கழிவு எங்கே போனது, யாருடைய கிணற்றுக்குள் போனது என்பதற்குப் பதில் சொல்வதுதான் பொறுப்பு. எங்கள் முகாமைத்துவ பீட நண்பர்கள் எத்தனை பேர் இந்தத் தீர்ப்பை வகுப்பில் படித்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தோம். அமெரிக்கக் கம்பனிகளின் கதைகள் அவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரத்திலிருக்கிற சுன்னாகம் தெரியாது. எங்கள் கலைப் பீடத்திலும் நிலைமை பெரிசாக வேறில்லை.

இரண்டாவது பாடம் 2021. அந்த வருஷம் மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தார்கள். நாட்டையே சேதன விவசாய நாடாக்குவோம் என்றார்கள். நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அப்போதைய ஜனாதிபதி அதைப் பெருமையாகப் பேசினார். அந்த மாதம் முடியிறதுக்குள்ளேயே தடையை எடுக்க வேண்டி வந்தது. அதற்குள் பெரும்போகம் போய்விட்டது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளைகள் எங்களோடு படிக்கிறார்கள். அந்தப் போகத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் அவர்கள் சொல்லுவார்கள், நகை எப்போது அடகுக்குப் போனது என்பது வரைக்கும். மண்ணைக் காக்க வேண்டும் என்பதில் விவசாயிக்கு மறுப்பில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அதுதான் கதை. பச்சை நிறத்தில் எழுதினாலும் கட்டளை கட்டளைதான்.

மூன்றாவது மன்னார். மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் ‘தம்பபவனி’ காற்றாலைகள் ஓடத் தொடங்கின. 30 காற்றாலைகள், ஏறத்தாழ 100 மெகாவாற். மன்னாரிலும் பூநகரியிலும் இன்னும் பெரிய திட்டம் செய்யவிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. பிரச்சினை விலகவில்லை. புதுக் காற்றாலைகளுக்கான பாகங்கள் வந்தபோது, 2025 ஆகஸ்டில் மன்னார்ச் சனம் வீதியில் இறங்கி நின்றது. அதோடு கனிய மணல் அகழ்வுக்கும் எதிர்ப்பு. வெள்ளம் வடிய வழியில்லை, கடற்றொழில் பாதிக்குது, பறவைகள் வருகிற பாதை அடைபடுது என்றார்கள்.

இந்த இடத்தில் நாங்கள் மயங்கக் கூடாது. காற்று மின்சாரம் நல்லது. நிலக்கரியையும் டீசலையும் விட ஆயிரம் மடங்கு நல்லது. சுன்னாகத்தில் டீசலின் விலையைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் நல்ல சாமான் என்பதற்காகச் சனத்தைக் கேட்காமல் அவர்களின் காணிக்கும் கடலுக்கும் நடுவில் கொண்டுவந்து நட்டுவிட முடியாது. சம்மதம் கேட்பது நிலைபேற்றுக்கு வெளியில் இருக்கிற வேறு விஷயம் இல்லை. அதுதான் அத்திவாரம். போர் முடிந்த மண்ணில், காணி என்ற சொல்லே காயமாக இருக்கிற இடத்தில், இது இரண்டு மடங்கு உண்மை.

நாலாவது, எங்கள் தோழி எழுதிய துண்டு. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வந்தது, பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு. 2024இல் 1350 ஆனது. இடையில் நாட்டின் விலைவாசி எங்கே போய் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். இதே காலம் முழுக்க, பச்சைத் தவளை முத்திரையோடு தேயிலைப் பெட்டிகள் ஐரோப்பியக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. முத்திரை பொய் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்தச் சோதனைகளால் மருந்து தெளிப்பவருக்குக் கையுறை கிடைத்திருக்கலாம், ஓடைக் கரையில் மரம் மிஞ்சியிருக்கலாம். ஆனால் 200 வருஷமாக லயன் அறையில் இருக்கிற சனத்துக்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இருக்கிறதா என்ற கேள்வி பெட்டியில் ஒட்டுகிற முத்திரைக்குள் அடங்காது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தவர்கள் அதைத்தான் கேட்டார்கள். எங்கள் வளாகத்து மேடையில் அது கேட்கப்படவில்லை.

“உங்களுக்குப் பிழை பிடிக்கத்தான் தெரியும்”

நிகழ்வை ஒழுங்குசெய்தவர்களில் ஒருவன் எங்கள் நண்பன். முகாமைத்துவ பீடம். அன்றைக்குப் பின்னேரம் கன்ரீனில் பிளேன்ரீயோடு இருந்தபோது இந்தக் கதையை எடுத்தோம். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“மச்சான், நீங்கள் ஆர்ட்ஸ்காரருக்கு எல்லாத்திலயும் பிழை பிடிக்கத்தான் தெரியும். எங்களுக்கு இன்டேர்ன்ஷிப் வேணும். நாலு கம்பனி வந்து போனால்தான் ரெண்டு பேருக்காவது வேலை. கொழும்பில இருக்கிறவனுக்கு அப்பாட போன் நம்பர் இருக்கும். எங்களுக்கு இந்த மேடைதான் இருக்கு. நீங்கள் எழும்பி ஒண்டைக் கேட்டு அவை கோவிச்சுக்கொண்டு போனால் நட்டம் ஆருக்கு?”

இந்தக் கேள்வியை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. பட்டம் முடித்துவிட்டு வேலைக்காகக் கொட்டகை போட்டு இருந்த அண்ணாமார், அக்காமாரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவர்களில் அரைவாசிக்கு மேல் கலைப் பீடம். அரசு தருகிற காசு போதாது, அனுசரணை இல்லாமல் நிகழ்வு வைக்க முடியாது என்பதும் உண்மை. அதனால் அவனுக்கு மூன்று பதில்.

முதலாவது, நாட்சம்பளம் பற்றி ஒரு மாணவி கேட்டதுக்காகக் கோபித்துக்கொண்டு போகிற நிறுவனம், நாளைக்கு நீ அங்கே வேலை செய்யும்போது உன் சம்பளத்தைப் பற்றி நீ கேட்டால் என்ன செய்யும்? அந்தக் கேள்வி உன்னைக் காப்பாற்றுகிற கேள்வியும்தான்.

இரண்டாவது, இந்தக் கேள்விகளுக்கு இப்போது சந்தையிலேயே விலை இருக்கிறது. இலங்கைக்கு ஐரோப்பிய ஒன்றியம் தருகிற ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை, மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சூழல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளோடு கட்டப்பட்டது. 2010இல் அதை இழந்தோம், 2017இல் திரும்ப எடுத்தோம். ஜேர்மனியில் 2023 ஜனவரியிலிருந்து பெரிய நிறுவனங்கள் தங்கள் விநியோகச் சங்கிலியில் மனித உரிமை எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சட்டம் கட்டாயப்படுத்தியது. அந்தச் சட்டங்களைத் தளர்த்தச் சொல்லி அங்கே அழுத்தமும் இருக்கிறது, அதுவும் தெரிந்திருக்க வேண்டும். கட்டுநாயக்காவில் தைத்த சட்டையையும் ஹற்றனில் பறித்த தேயிலையையும் வாங்குகிறவர்கள் கேட்கிற கேள்வியை நாங்கள் வளாகத்தில் கேட்கக் கூடாதா? கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் நாளைக்கு வேலை. அறிக்கைக்குப் படம் எடுக்கத் தெரிந்தவர்கள் ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மூன்றாவது, கேட்காமல் விட்டதன் விலையை இந்த நாடு பார்த்திருக்கிறது. 2006இல் இலங்கை ஆடைத்துறை ‘குற்றமற்ற ஆடைகள்’ என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. பல நாடுகளை விட இங்கே தொழிற்சாலைகள் நல்ல நிலையில் இருந்தன என்பது உண்மை. ஆனால் 2011 மே மாதம், ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராகக் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தபோது பொலிஸ் சுட்டதில் ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி செத்துப்போனார். எங்கள் வயசுதான். அவர் பெயர் எந்த நிலைபேற்று வகுப்பிலும் எங்களுக்குச் சொல்லப்பட்டதில்லை. சுட்டது கம்பனி இல்லை, பொலிஸ்தான். ஆனால் தொழிலாளி வாய் திறந்தால் என்ன நடக்கும் என்ற கேள்வியை விட்டுவிட்டு ஒரு தொழிலைக் குற்றமற்றது என்று சொல்ல ஏலுமா?

எங்களையும் விடப் போவதில்லை

இப்ப எங்கள் பக்கத்துக்கு வருவோம். கலைப் பீடத்தில் ஒரு சுகமான நிலைப்பாடு இருக்கிறது: “உதெல்லாம் கோப்பரேற் நாடகம், நாங்கள் உதுக்குப் போறேல்லை.” சொல்லிவிட்டு ஹொஸ்டலில் படுத்துவிடலாம். பகிஷ்கரிப்பு என்று பெயரும் வைக்கலாம். நாங்களும் இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தோம். இந்தமுறை போனதும் கொள்கைக்காக இல்லை, வரவுக்காக. பச்சை ரீசேட்டை வாங்கவும் செய்தோம். சேர்டிபிகேற்றும் பைலுக்குள் இருக்கிறது.

நாங்கள் வெளியே நிற்கிறபோது என்ன நடக்கிறது? புவியியல் படிக்கிறவருக்கு நிலத்தடி நீர் தெரியும். சமூகவியல் படிக்கிறவருக்கு லயன் அறை தெரியும். பொருளியல் படிக்கிறவருக்குச் சம்பளக் கணக்குத் தெரியும். மொழி படிக்கிறவருக்கு ஒரு அறிக்கை எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரியும். அவ்வளவு பேரும் ஹொஸ்டலில். மேடைக்கு முன்னால் கேள்வி கேட்கத் தெரியாத கூட்டம் என்று நாங்கள் நக்கலடிக்கிறோம். கேட்கத் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற நாங்கள் ஆளே இல்லை.

எங்கள் வளாகத்தைப் பார்ப்போம். 2017இல் தமிழ் சிங்களப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் செத்தார்கள். அந்த வருஷம் செப்டெம்பரில் லஞ்ச் ஷீற்றுக்குத் தடை வந்தது. எங்கள் மத்தியானச் சாப்பாடு இன்றைக்கும் எதில் சுற்றி வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். பின்னேரம் ஹொஸ்டலுக்குப் பின்னால் எரிகிற மணமும் தெரியும். இன்னொன்று. விரிவுரை மண்டபத்தைக் கூட்டுகிற அக்காவுக்குச் சம்பளம் தருவது வளாகம் இல்லை, ஒப்பந்தக் கம்பனி. அவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு? சேமலாப நிதி கட்டுகிறார்களா? சுகமில்லாமல் லீவு எடுத்தால் வெட்டுகிறார்களா? மூன்று வருஷமாக அவரிடம் “அக்கா, மண்டபம் திறந்திருக்கோ?” என்பதைத் தவிர நாங்கள் எதையும் கேட்டதில்லை. விநியோகச் சங்கிலி என்று பரீட்சையில் நாலு பக்கம் எழுதுகிறோம். சங்கிலியின் ஒரு வளையம் எங்கள் கதிரைக்குக் கீழே கூட்டிக்கொண்டிருக்கிறது.

மாணவர்களால் என்ன முடியும்?

“சரி, பெடியள் என்ன செய்ய ஏலும்?” என்று கேட்பார்கள். செய்திருக்கிறார்கள். 1987இல் சுவிற்சர்லாந்தின் சென்ட் கேலன் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் முகாமைத்துவமும் படித்த மாணவர்கள், தங்கள் பாடத்திட்டத்துக்குள் சூழலைக் கொண்டுவர வேண்டும் என்று ‘ஒய்க்கோஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இன்றைக்குப் பல நாடுகளில் அது இருக்கிறது. ஐ.நா. கோட்பாடு வருவதற்கு 20 வருஷத்துக்கு முன்னமே மாணவர்கள் கேட்டுவிட்டார்கள்.

அதைவிட எங்களுக்குப் பிடித்த கதை 2009ஆம் ஆண்டினுடையது. ஹொண்டுராஸில் ரசல் நிறுவனத்துக்காகத் தைத்த ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. அந்த நிறுவனம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இலச்சினை போட்ட உடுப்பும் விற்றது. மாணவர்கள் பிடித்த நூல் அதுதான். “எங்கட வளாகத்தின் பெயரை உன்ர சட்டையில போட விடமாட்டம்” என்று ஒவ்வொரு வளாகமாகப் போராடி, பல டசின் பல்கலைக்கழகங்களை ஒப்பந்தத்தை நிறுத்த வைத்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் நிறுவனம் இறங்கி வந்தது. 1200 தொழிலாளரைத் திரும்ப வேலைக்கு எடுக்கவும் சங்கத்தை ஏற்கவும் ஒப்புக்கொண்டது. அந்த மாணவர்களிடம் காசு இல்லை. தங்கள் வளாகத்தின் பெயர் எந்தச் சட்டையில் இருக்கிறது என்ற கணக்கு மட்டும் இருந்தது.

எங்களிடமும் கருவிகள் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். ஒரு கடிதம் எழுதினால் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சூழல் சட்டத்தின்படி ஒரு திட்டத்துக்குச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால், தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலும் அறிவித்தல் போட வேண்டும்; 30 நாளுக்குள் எந்தப் பொதுமகனும் கருத்துச் சொல்லலாம். அந்த அறிவித்தலை எங்களில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? மரண அறிவித்தலுக்கும் மணமகள் தேவைக்கும் பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடக்கும். மன்னார்ச் சனம் வீதியில் நிற்பதற்கு முன்னால், அந்த 30 நாளில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

அதனால் எங்கள் கோரிக்கைகள் இவை. பெரிசாக ஒன்றுமில்லை.

கேள்வித் துண்டு முறையை நிறுத்துங்கள். ஒலிவாங்கியைக் கூட்டத்துக்குள் அனுப்புங்கள். நிகழ்வின் அரைவாசி நேரம் கேள்விக்கு.

ஒரு நிறுவனத்தின் அதிகாரியை அழைத்தால், அந்தத் தொழிலில் வேலை செய்கிற ஒருவரையும் அதே மேடைக்கு அழையுங்கள். தொழிலாளி, மீனவர், விவசாயி, யாராவது ஒருவர். பொன்னாடை வேண்டாம், கதிரை போதும்.

அனுசரணை எவ்வளவு, என்ன நிபந்தனையில் என்று நிகழ்வுக்கு முன்னமே அறிவித்தல் பலகையில் போடுங்கள். போடாவிட்டால் தகவல் அறியும் உரிமைக் கடிதம் வரும்.

முகாமைத்துவ பீடமும் கலைப் பீடமும் சேர்ந்து ஒரு பாடநெறி வையுங்கள். சுன்னாகம், 2021 உரத்தடை, மன்னார், தோட்டச் சம்பளம் நாலும் அதில் இருக்கட்டும். அவர்களுக்கு ஐந்தொகை வாசிக்கத் தெரியும், எங்களுக்கு ஊர் வாசிக்கத் தெரியும். தனித்தனியாக இருந்தால் இரண்டும் அரைப்பேர்தான்.

கடைசியாக, மாணவர்களாகிய எங்களுக்கே. ஐந்து பேர் சேர்ந்தால் சூழல் அறிவித்தல்களைக் கவனிக்கிற ஒரு குழு. அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் இரண்டு பக்கத்தில் தமிழாக்கி, அந்த ஊர்ச் சனசமூக நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. சனம் என்ன நினைக்குது என்று எழுதி அனுப்புவது. இதற்கு அனுசரணை தேவையில்லை. பஸ் காசு போதும்.

நாங்கள் தொடங்கிவிட்டோம் என்று பெருமையடிக்க இன்னும் ஒன்றும் இல்லை. மண்டபம் கூட்டுகிற அக்காவோடு போன கிழமை முதல் தடவையாக இருந்து கதைத்தோம். அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டோம், அவருடைய வேலை அது. ஆனால் துப்புரவு ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைக் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போட்டவர்களில் எங்கள் முகாமைத்துவ பீட நண்பனும் ஒருவன். “கம்பனியைக் கேக்கிறதுக்கு எனக்குப் பயம் மச்சான், உதைக் கேக்கப் பயமில்லை” என்றான். சரி, அங்கிருந்து தொடங்குவோம்.

அடுத்த நிலைபேற்று நிகழ்வுக்கான அறிவித்தல் ஒட்டியாச்சு. அதே கூடம், அதே 17 சதுரங்கள், அனுசரணை மட்டும் வேறு. இந்தமுறை வரவுக்காகப் போகவில்லை. முன் வரிசையில் இருக்கப் போகிறோம், மஸ்கெலியாக்காரி நடுவில். துண்டுக் கடதாசி தந்தால் வாங்கி மடித்து வைத்துவிட்டு அவள் எழும்பிக் கேட்பாள். நீங்களும் வாங்கோ. அவள் எழும்பும்போது இருக்கச் சொல்லுவார்கள், பக்கத்தில் இன்னும் நாலு பேர் எழும்ப வேண்டியிருக்கும்.